திரும்பிச் சுற்றாத மேஜை

நான் வீட்டைக் காலி செய்யப் போகிறேன் என்ற செய்தி எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. வேலை முடிந்து படியேறி வந்தால், என் அறை நடுவில் முன்பின் தெரியாத ஒரு கணவனும் மனைவியும் நின்றுகொண்டு, தங்கள் கட்டிலை எந்தச் சுவர் ஓரம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மாற்றுச் சாவியுடன் வீட்டுக்காரம்மா. அந்த மனைவி என்னைப் பார்த்து, "இந்த மெஷினை எப்போ எடுப்பீங்க?" என்று வேறு கேட்டாள்.

"நான் இங்கேதான் குடியிருக்கேன். உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றேன்.

வீட்டுக்காரம்மா அசரவில்லை. "உங்க அண்ணன் போன் பண்ணாரும்மா. மாசக் கடைசியில காலி பண்றதா சொன்னாரு. வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து அவரோடதுதானே?"

அவனுடையதுதான். கணவரை விட்டு வந்த புதிதில், தனியாக வரும் பெண்ணை நம்பி வீடு தர இந்த அம்மாவுக்கு ஓர் ஆண் கையெழுத்து தேவைப்பட்டது. ஊரில் பாதிப் பேரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதை என் கையெழுத்தை நம்பி ஏற்றுக்கொள்கிறவர்கள், நான் வாடகை கொடுப்பேன் என்பதை மட்டும் அதை நம்பி ஏற்கமாட்டார்கள். அன்று எனக்கு இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனைக் கூட்டி வந்தேன்.

வந்தவர்களை அனுப்பிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

"யாரைக் கேட்டு என் வீட்டைக் காலி பண்றே?"

"கத்தாதே பாப்பா. காது வலிக்குது."

"பாப்பாவா? எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாச்சு அண்ணா."

"நீ தனியா இருக்கறது சரியா வரல. நாலு பேர் கேக்கறாங்க."

"அந்த நாலு பேரையும் லேபுக்கு அனுப்பு. ஆளுக்கு ரெண்டு டியூப் ரத்தம் எடுத்து அனுப்பறேன்."

அவன் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுல உனக்குத் தனி ரூம் இருக்கு. அண்ணியும் ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அல்லாடறா, உனக்கும் பொழுது போகும். அந்தத் தையல் மெஷினை யாருக்காவது குடுத்துடலாம்."

"அது தையல் மெஷின் இல்லை."

"ஏதோ ஒண்ணு. கடைசி ஞாயித்துக்கிழமை வேன் வருது. கட்டிலைப் பிரிச்சு வெச்சிரு."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். என் அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கணவரை விட்டு வந்த அன்று ஒரு கேள்வி கேட்காமல் வேனோடு வந்து நின்றவன் அவன். என் கணவர் அடித்ததும் இல்லை, குடித்ததும் இல்லை. அறையில் நான் இருக்கிறேன் என்பது அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அதை யாருக்கும் விளக்க முடியவில்லை, அண்ணனுக்கு விளக்க வேண்டியும் இருக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது ஒரே ஒரு பொருள். கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த தேக்குக் கட்டில். தலைமாட்டில் இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருக்கும். கடை கடையாக ஏறி இறங்கி அவனே பொறுக்கியது.

அப்படிப்பட்டவன்தான் இப்போது என்னை ஒரு சாமானாக எண்ணி வேனில் ஏற்றப் பார்த்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவன் தையல் மெஷின் என்று சொல்வது என் சிஎன்சி மெஷினை. சாப்பாட்டு மேஜை அளவு இருக்கும். கணினி சொல்கிற வழியில் ஒரு கட்டர் முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழுமாக ஓடி மரத்தைக் குடையும். உதிரி பாகங்களாக வாங்கி நானே பூட்டினேன். பெயர்ப் பலகை, கடிகார முகம், பொம்மை வீட்டு ஜன்னல் என்று மனம் போன போக்கில் செய்துகொண்டிருந்தேன். லேபில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, மரத்தூள் வாசனையில் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அண்ணன் வீட்டில் அதற்கு இடம் இல்லை. அங்கே எனக்கே இடம் இருக்காது, தனி ரூம் இருந்தாலும்.

மறுநாள் காலை கீழே இறங்கும்போது படிக்கட்டு வளைவில் ஒருவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். இந்த வீட்டின் படிக்கட்டுக்கு மரக் கைப்பிடி. அதைத் தாங்கி நிற்பவை கயிறு முறுக்கியது போன்ற குட்டித் தூண்கள். வளைவில் மட்டும் ஐந்து தூண்கள் கரையான் அரித்து விழுந்துவிட்டன. அந்த இடைவெளியில் வீட்டுக்காரம்மா ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருந்தார்.

"மொத்தத்தையும் எடுத்துட்டு ஸ்டீல் பைப் போடப் போறாராம்," என்றார் வீட்டுக்காரம்மா. குரலில் உற்சாகம் இல்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். என்ன பண்றது? இந்த முறுக்கு வேலைக்கு ஆச்சாரி மாட்டேன்னுட்டாரு. அஞ்சு தூணுக்காக மெனக்கெட முடியாதாம்."

நான் யோசித்துப் பேசுகிற ஜாதி இல்லை. வாய் முந்திக்கொண்டது.

"நான் போட்டுத் தரேன்."

"நீயா?"

"நான்தான். ஆனா ஒண்ணு. தூண் நல்லா வந்தா நான் இங்கேயே இருப்பேன். ஒப்பந்தத்துல என் கையெழுத்துதான் இருக்கணும்."

அளந்துகொண்டிருந்தவர் சிரித்தார். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

"எது புதுசுன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா பைப்புதான். நீயும் வேன்ல ஏறிடு."

சரி என்றேன். சொன்னதன் கனம் லேபுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. ஏனென்றால் என் மெஷின் தட்டையான பலகையைத்தான் குடையும். உருண்டைத் தூணில் முறுக்கு வெட்ட வேண்டுமானால் மரம் சுழல வேண்டும். சுழற்ற என்னிடம் இருந்தது கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்த ஒரு சுழல் மேஜை மட்டுமே. ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, உள்ளே இருக்கும் திருகுப் பல் தட்டை அங்குலம் அங்குலமாகத் திருப்பும். பழைய சாமான் விற்பவரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. தோசைக்கல் கனம், அதைவிடப் பத்து மடங்கு பிடிவாதம்.

முதலில் அந்தக் கைப்பிடியைக் கழற்றி வீசினேன். அந்த இடத்தில் ஒரு மோட்டாரைக் கோத்தேன். மெஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மூன்று மோட்டார்களுக்குப் பக்கத்தில் நான்காவது ஒன்றுக்கான துளை ஆரம்பத்திலிருந்தே காலியாக இருந்தது. வயரை அதில் செருகினேன். தட்டை நிமிர்த்தி வைத்து, மரத்தைக் கவ்வ அதில் சக் என்கிற இரும்புப் பிடியைப் பூட்டினேன். மரத்தின் மறுமுனையைத் தாங்க எதிரில் ஒரு கூர்முனை. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். லேபில் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் மெஷினில், ஒரு குழாய் வைத்தால் அதற்கு நேர் எதிரே அதே எடையில் இன்னொன்று வைப்போம். இல்லாவிட்டால் மெஷின் மேஜையை விட்டே குதிக்கும். அதனால் சுழல்கிற எதையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு சுற்றுச் சுற்று என்று கணினியில் சொன்னேன். ஒன்றேகால் சுற்றுச் சுற்றி நின்றது. வயரை மாற்றினேன், திருகை இறுக்கினேன், மோட்டாரைத் திட்டினேன். மறுபடியும் ஒன்றேகால். கடைசியில் கழற்றி வீசிய கைப்பிடியைத் தேடி எடுத்து மாட்டிக் கையால் சுற்றி எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறு முறை சுற்றினால் தட்டு ஒரு முறை சுற்றும் என்று விற்றவர் சத்தியம் செய்திருந்தார். எழுபத்திரண்டிலேயே சுற்றிவிட்டது. நோயாளி சொல்கிற சர்க்கரை அளவை நம்பாதவள், பழைய சாமான்காரர் சொன்ன எண்ணை நம்பியிருக்கிறேன். கணக்கைத் திருத்தியதும், தட்டின் மேல் பேனாவால் போட்டிருந்த கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து அச்சாக நின்றது. நான் ஒருத்தியாக நின்று கைதட்டினேன்.

அடுத்தது மரம். ஐந்து தூணுக்கு முற்றிய தேக்கு வேண்டும். எங்கே போவது என்று மெஷினைச் சுற்றி வந்தேன். கட்டில் கால் இடித்தது.

கட்டிலைப் பிரித்து வை என்று அவன்தானே சொன்னான்? பிரித்தேன்.

இரண்டு பக்கச் சட்டங்களையும் கால்மாட்டுச் சட்டத்தையும் அறுத்ததில் சரியாக ஐந்து துண்டு கிடைத்தது. தலைமாட்டைத் தொடவில்லை. கிளிகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மெத்தையைத் தரையில் விரித்துப் படுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

விடுமுறை நாளில் முதல் தூணை ஏற்றினேன். பழைய தூணை அளந்து புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். மரம் மெல்லச் சுழல, கட்டர் அதன் நீளத்துக்கு நகர்ந்தது. முனைக்குப் போனதும் மேலே எழும்பி, புறப்பட்ட இடத்துக்கு வந்து, இன்னும் சற்று ஆழமாக மறுபடி வெட்டியது. மரம் மட்டும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சுருள் சுருளாகத் தேக்குத் தூள் விழுந்தது. முறுக்கு கண்ணெதிரே எழுந்து வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே வீட்டுக்காரம்மா விட்டத்தைத் தட்டிச் சத்தம் அதிகம் என்று தெரிவித்ததுகூட இனித்தது.

கடைசி வெட்டு முடிந்தது. நான் மூச்சை விட்டேன். அந்த நொடியில் மேஜை எதிர்ப்பக்கமாகச் சுழலத் தொடங்கியது. கட்டர் மேலே எழும்பாமல் மரத்துக்குள்ளேயே இறங்கியது. சுற்றின சுற்றெல்லாம் திரும்பிச் சுற்றிக்கொண்டே வந்தது, வெட்டின முறுக்கையெல்லாம் குறுக்கே கிழித்தது. சிவப்புப் பொத்தானை நான் அடிப்பதற்குள் தூண் இரண்டாக முறிந்து, ஒரு பாதி என் தோளில் பட்டுத் தெறித்தது.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைத்தான் செய்தது. லேபில் இருபது வருடமாக எனக்கு ஒரே பழக்கம், ஒரு பரிசோதனை முடிந்ததும் எந்தக் கருவியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். அதே கையால் புரோகிராமின் கடைசி வரியிலும் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோ என்று எழுதியிருந்தேன். தட்டைப் பலகையில் பூஜ்யம் என்றால் பலகையின் மேல்பரப்பு, பாதகமில்லை. உருளும் மரத்துக்கு ஆழத்தை நடுவிலிருந்து அளப்பதால், பூஜ்யம் மரத்தின் நட்ட நடுவே இருக்கிறது. மேஜைக்கோ பூஜ்யம் என்றால், வந்த சுற்று அத்தனையையும் ஒன்றுவிடாமல் திரும்பச் சுற்றித் தீர்க்க வேண்டும்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தோள் வலிக்காக இல்லை. ஐந்து துண்டில் ஒன்று போய்விட்டது. முதல் கோணல் முற்றும் கோணல் என்று அண்ணி சொல்வாள். அவள் சொல்லப் போகிற தொனிகூட எனக்குக் கேட்டது. பேசாமல் போய்விடலாமா என்று, ஒளிப்பானேன், ஒரு நிமிஷம் நினைத்தேன். தனி ரூம். வேளாவேளைக்குச் சாப்பாடு. பாப்பா, பாப்பா என்று கூப்பிட ஆள். திரும்பிப் போய் எங்கே நிற்பேன்? கல்யாணத்துக்கு முந்தின நாளில், அண்ணனின் கூடத்தில், அவன் சொல்கிற பக்கம் தலையாட்டிக்கொண்டு. நடுவில் நான் பட்டது, படித்தது, விட்டது எல்லாம் சும்மா.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புரோகிராமைத் திறந்தேன். கடைசி வரியை அழித்தேன். அந்த இடத்தில், முதலில் கட்டரை உயரத் தூக்கு என்று எழுதினேன். பிறகு, மேஜை நிற்கிற இடத்தையே பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்று எழுதினேன். அப்படி ஒரு கட்டளை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. நான்தான் அதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை.

இரண்டாவது துண்டை ஏற்றி ஓட்டினேன். கடைசி வெட்டு முடிந்தது, கட்டர் மேலே எழும்பியது. சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மேஜை அசையவில்லை. இத்தனை சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு நின்றது. முறுக்கு முழுசாக இருந்தது.

நான்கு துண்டும் தூணாகிவிட்டன. ஐந்தாவதற்கு மரம் இல்லை. அரைக் கிணறு தாண்டியவள் யோசிக்கக் கூடாது. தலைமாட்டுக் கட்டையை இழுத்துப் போட்டு, கிளிகள் இருந்த முகப்பை மட்டும் பலகையாகச் சீவி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அறுத்தேன்.

வேன் வர இரண்டு நாள் இருக்கும்போது தூண்களுக்குப் பழைய நிறத்தில் பாலிஷ் ஏற்றி, வளைவில் பொருத்திப் பசை போட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். வீட்டுக்காரம்மா கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டு ஏறினார். பிறகு இறங்கினார். நேராகத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு முன்னால் அவன் வேன் ஹாரன் தெருவுக்குள் வந்தது. அவனுக்கு மூட்டு வலி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, அதன்மேல் பாரத்தைப் போட்டு, படிக்கொரு முனகலாக ஏறி வந்தான். வளைவில் நின்று, தூண்கள் மேல் முழுசாகச் சாய்ந்து மூச்சு வாங்கினான். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூண் ஒன்றும் அசையவில்லை.

உள்ளே வந்தவன் அறையைப் பார்த்துத் திகைத்தான். "என்ன பாப்பா, ஒண்ணுமே கட்டி வைக்கல?"

"நான் வரல."

"விளையாடாதே. கீழ வேன் நிக்குது."

"நிக்கட்டும். அந்த வேன் ஒரு தடவை எனக்கு வேண்டியிருந்தது, வந்தே. அதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். இந்தத் தடவை நான் கூப்பிடல."

"பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கறே. வீட்டை வேற ஆளுக்குப் பேசியாச்சு. இனி எங்கே இருப்பே?"

"பேசினதை நேத்தே வேணாம்னு சொல்லிட்டேன்," என்றது வாசலில் ஒரு குரல். வீட்டுக்காரம்மா. அவரும் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "அவங்க வந்தா அவங்க பசங்க படிக்கட்டுல சறுக்கு விளையாடும். எனக்கு இந்தப் பொண்ணே போதும். ஆனா ஒண்ணு தம்பி, உங்க கையெழுத்து இனிமே வேண்டாம். அதை இவளே போட்டுக்குவா."

அண்ணன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறந்து சமாதானம் சொல்லவில்லை. சமாதானம் சொல்லித்தான் பாதி ஆயுசு போயிற்று.

"சரி, உன் இஷ்டம்," என்றான் கடைசியில். "அந்தக் கட்டிலையாவது குடு. தரையில படுத்துக்கிட்டு இருக்கே, அது உனக்கு எதுக்கு? நான் பார்த்துப் பார்த்து வாங்கினது. எங்கே அது?"

"பிரிச்சு வைன்னு சொன்னியே. பிரிச்சுட்டேன்."

"அதான் எங்கேன்னு கேக்கறேன்."

"மேல ஏறி வர்றப்போ வளைவுல சாஞ்சு நின்னியே அண்ணா. அதுதான்."

அவன் வெளியே போய் மாடிப்படித் தலைப்பில் நின்று எட்டிப் பார்த்தான். வளைவில் எல்லாத் தூண்களும் ஒரே மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. எது அவன் வாங்கியது, எது அந்த வீட்டுடையது என்று அவனால் சொல்ல முடியவில்லை என்பது அவன் கண் ஓடிய விதத்திலேயே தெரிந்தது.

"கிளிங்க?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

உள்ளே போய் அந்தப் பலகையைத் துடைத்து எடுத்து வந்து கொடுத்தேன். "உனக்குத்தான் வெச்சிருந்தேன். பிள்ளைங்க ரூம்ல மாட்டு. அண்ணிகிட்ட சொல்லு, அடுத்த வாரம் வந்து ஒரு நாள் முழுக்கப் பிள்ளைங்களைப் பார்த்துக்கறேன். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துடுவேன்."

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் இறங்கினான். கோபம் இருந்தது, கைப்பிடியைத் தொடாமல்தான் இறங்கினான். வளைவுக்கு வந்ததும் முழங்கால் மடங்கியது. ஒரு நொடி கை அந்தரத்தில் நின்றது. பிறகு என் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பத்திரமாக இறங்கிப் போனான்.